வாடகை வீட்டை அழகாக்க 15,000 ரூபாய் போதுமா? பழைய பித்தளை, ஜமக்காளம், செடி: ஒரு மேட்டூர் கணக்கு



முதல் வேலை, முதல் சம்பளம், முதல் வாடகை வீடு. இந்த மூணும் ஒண்ணா வர்ற நேரத்துலதான் நம்ம கை கொஞ்சம் தாராளமா ஆகும். ரீல்ஸ்ல ஒரு வீட்டைப் பார்ப்போம். மஞ்சள் வெளிச்சம், மூலையில ஒரு பித்தளை அண்டா, அதுல ஒரு பச்சைச் செடி, சுவருல பழைய மரக் கண்ணாடி. "நம்ம வீடும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்!" அந்த ஆசையில தப்பே இல்லை. வேலை முடிஞ்சு வந்து உக்கார்ற இடம் நல்லா இருக்கணும்.

ஆனா அந்த ஆசையை 36,000 ரூபாய் சோஃபாவாவும் 12 மாச இஎம்ஐ-யாவும் மாத்திடறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். இன்னைக்குப் பாடம் அதைப் பத்தித்தான். உதாரணத்துக்கு மேட்டூரை எடுத்துக்கலாம். அனல் மின் நிலையம், கெமிக்கல் கம்பெனிகள், கருமலைக்கூடல் சிட்கோ, மேச்சேரி பக்கம் ஸ்டீல் ஆலைன்னு வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கறவங்க நிறைய பேர் உள்ள ஊர் அது. நீங்க ஓசூர்ல இருந்தாலும், சென்னைல இருந்தாலும் கணக்கு இதேதான்.

ஒரே ஒரு கேள்வி

வீட்டுக்காக எந்தச் செலவு பண்றதுக்கு முன்னாடியும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க:

"வீடு காலி பண்ணும்போது இது என் கூட வருமா?"

மேட்டூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. 1925-ல ஆரம்பிச்சு 1934-ல அணையைக் கட்டி முடிச்சப்போ, நீர்த்தேக்கப் பகுதியில இருந்த ஊர்க்காரங்க இடம் மாற வேண்டியதாச்சு. அணையில தண்ணி நல்லா இறங்கினா, பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் இன்னைக்கும் வெளிய தெரியும். கட்டினது அங்கயே நின்னுடுச்சு. தூக்கிட்டு வர முடிஞ்சதுதான் ஜனங்களோட வந்தது.

வாடகை வீடும் அப்படித்தான். உங்க செலவை மூணு கூடையாப் பிரிச்சுக்குங்க.

முதல் கூடை, சுவரோட போறது: வால்பேப்பர், ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கற டிசைன் பெயிண்ட், சீலிங் வேலை, டைல்ஸ் மேல ஒட்டற ஸ்டிக்கர். காலி பண்ற அன்னைக்கு இதோட மதிப்பு பூஜ்யம். சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழ. ஏன்னா ஸ்டிக்கரை உரிச்ச இடத்துல பெயிண்ட் போனா, அதையும் அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.

இரண்டாவது கூடை, கூட வர்றது: ஃபேன், விளக்கு, திரைச்சீலை, விரிப்பு, செடி. அடுத்த வீட்டுலயும் வேலைக்கு ஆகும்.

மூணாவது கூடை, கூட வர்றதோட வித்தாலும் காசு வர்றது: பழைய தேக்குச் சாமான், பித்தளை, செம்பு.

பாடம் அவ்வளவுதான். முதல் கூடையில காசு போடாதீங்க. இரண்டுலயும் மூணுலயும் போடுங்க. இதை எப்படிச் செய்யறதுன்னு இப்போ பார்க்கலாம்.

பெயிண்ட் செலவு யாரோடது?

முதல் கூடைச் செலவுல ஒரு பகுதி நம்மளோடதே இல்லை. இது நிறைய பேருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுல வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பத்தின 2017-ம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. 2019 பிப்ரவரில இருந்து நடைமுறையில இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, யார் எதைச் செய்யணும்னு அதுல பட்டியலே போட்டிருக்காங்க. சுவருக்கு வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், கட்டடப் பழுது, தண்ணிக் குழாய் மாத்தறது, வயரிங் இதெல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கதவுப் பூட்டு, கைப்பிடி, கொசு வலை, உடைஞ்ச கண்ணாடி இதெல்லாம் நம்ம பொறுப்பு.

அட்வான்ஸ் விஷயத்துலயும் அதே சட்டம் பேசுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி இல்லைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும்.

"ஒப்பந்தத்துல வேற மாதிரி இல்லைன்னா" என்ற வார்த்தையைக் கவனிங்க. நிறைய ஒப்பந்தத்துல "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்ட் செலவுக்காகப் பிடிக்கப்படும்"னு ஒரு வரி இருக்கும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த வரியைத் தேடுங்க. இருந்தா, "அண்ணா, நாங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வெள்ளையடிச்சுக் கொடுத்துடுங்க"ன்னு அப்பவே பேசிடுங்க. சாவி வாங்கறதுக்கு முன்னாடி நடக்கற பேச்சுக்கு இருக்கற பலம், அப்புறம் நடக்கற பேச்சுக்கு இருக்காது.

இன்னொரு பழக்கம். குடி போற அன்னைக்கே, சாமான் இறக்கறதுக்கு முன்னாடி, எல்லா அறையையும் போன்ல வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. ஓதம் பிடிச்ச சுவர், ஏற்கெனவே இருக்கற ஆணி ஓட்டை, விரிசல் விட்ட வாஷ்பேசின் எல்லாம் அதுல இருக்கட்டும். செலவே இல்லாத வேலை. அட்வான்ஸைக் காப்பாத்தற வேலையும் அதுதான்.

காசு எங்க இருந்து வரணும்?

மூணுல இருந்து ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இல்லாம வீட்டு அலங்காரத்துல கை வைக்காதீங்க. இதுல சமரசம் இல்லை. அந்த நிதி சேர்ற வரைக்கும் காசு கேக்காத வேலையைப் பண்ணுங்க. பரண் மேல இருக்கறதை இறக்கறது, வெட்டி நடற செடி, சுத்தம் பண்றது, சாமானை இடம் மாத்தி வைக்கறது. வீடு பாதி அழகாயிடும்.

அவசர நிதி இருக்கா? சரி. வீட்டுக்குன்னு தனியா ஒரு ஆர்டி போடுங்க. மாசம் 1,500 ரூபாய், 10 மாசம். 15,000 ரூபாய். அந்த 10 மாசமும் அந்த வீட்டுல வாழ்ந்து பாருங்க. வெயில் எந்த ஜன்னல் வழியா வருது, எந்த மூலை இருட்டா இருக்கு, நீங்க நிஜமாவே எங்க உக்கார்றீங்கன்னு தெரிஞ்சிடும். முதல் வாரமே வாங்கற சோஃபா பெரும்பாலும் துணி போடற இடமாத்தான் ஆகுது!

இப்போ அந்த "நோ காஸ்ட் இஎம்ஐ" கணக்கு. ஒரு சோஃபா 36,000 ரூபாய். மாசம் 3,000, 12 மாசம், வட்டி இல்லைன்னு போர்டு. பிராசசிங் கட்டணம் 500, அதுக்கு 18% ஜிஎஸ்டி 90 ரூபாய். அதே கடையில "முழுக் காசும் இப்பவே கொடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?"ன்னு கேளுங்க. 33,000-க்குத் தர்றேன்னு சொன்னா, உங்க "வட்டியில்லாத" கடனோட செலவு 3,590 ரூபாய். மாசா மாசம் திருப்பிக் கட்டிட்டே வர்றதால, இது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20% வட்டிக்குச் சமம்! பர்சனல் லோனே சில சமயம் இதைவிடக் குறைச்சல். பூஜ்ய வட்டின்னு சொல்ற திட்டங்கள்ல வட்டி வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு.

அதனால கடைக்குப் போனா முதல் கேள்வி "இஎம்ஐ இருக்கா?" இல்லை. "ரொக்க விலை என்ன?"

பழைய சாமான்: எங்க தேடறது?

முதல் இடம் கடை இல்லை. உங்க வீட்டுப் பரண். பாட்டி வீட்டுப் பரண், பெரியம்மா வீட்டுப் பின்கட்டு. குத்துவிளக்கு, பித்தளைக் குடம், செம்புச் சொம்பு, அஞ்சறைப் பெட்டி, மரப் பெட்டி, மர முக்காலி, உரல். "யாருக்கும் வேண்டாம்"னு கிடக்கறதைக் கேட்டு வாங்குங்க. ஆனா கேக்கற விதம் முக்கியம். "பாட்டி, இதை நான் வெச்சுப் பார்த்துக்கறேன்"னு சொன்னா அவங்களே துடைச்சு எடுத்துக் கொடுப்பாங்க. கேக்காம எடுத்துட்டு வந்து அப்புறம் வித்துட்டா, அது வேற கதையாயிடும்.

இரண்டாவது, இடிச்ச வீட்டுச் சாமான் விக்கற கடைகள். பழைய கதவு, ஜன்னல், நிலைக்கட்டை, உத்தரம் எல்லாம் இங்க கிடைக்கும். ஒரு பழைய ஜன்னல் சட்டத்துக்குக் கண்ணாடி போட்டா சுவர்க் கண்ணாடி. ஒரு பழைய பலகைக்குக் கால் போட்டா மேசை.

மூணாவது, பழைய பித்தளையை எடைக்கு வாங்கற பாத்திரக் கடைகளும் பழைய இரும்புக் கடைகளும். உருக்கப் போறதுக்கு முன்னாடி நல்ல பாத்திரம் அங்கதான் நிக்கும்.

நாலாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கற இடம். பார்க்கறதுக்குப் போங்க, விலை தெரிஞ்சுக்கப் போங்க. ஆனா எல்லா ஊர்க்காரங்களும் தேடி வர்ற சந்தை அது, விலையும் அப்படித்தான் இருக்கும். புதுசா செஞ்சு பழசு மாதிரி ஆக்கின சாமானும் பழைய சாமான் சந்தைகள்ல கலந்து வரும்.

ஒரு சட்ட எச்சரிக்கை. 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப் பொருட்கள் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வருது. சில வகைகளைப் பதிவு பண்ணணும், வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் கொண்டு போக முடியாது. முக்கியமா, பழைய சாமி சிலை, கோயில் தூண், கல் சிற்பம்னு யாராவது மலிவா காட்டினா தொடவே தொடாதீங்க. எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. சிலைக் கடத்தல் வழக்குன்னா என்னன்னு செய்தியில பார்த்திருப்பீங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பித்தளை: எடை போட்டுத்தான் விலை பேசணும். அன்னைக்குப் பழைய பித்தளை கிலோ என்ன விலைன்னு ரெண்டு கடையில கேட்டுட்டுப் போங்க. ஒரு காந்தம் கொண்டு போங்க. காந்தம் ஒட்டினா உள்ள இரும்பு, மேல மட்டும் பித்தளை முலாம். அடியில ஓட்டை, பத்து வெச்ச இடம் இருக்கான்னு தண்ணி ஊத்திப் பாருங்க. அலங்காரத்துக்கு மட்டும்னா சின்ன ஓட்டை பரவாயில்லை, ஆனா விலையைக் குறைச்சுக் கேளுங்க. சமையலுக்குன்னா உள்ள ஈயப் பூச்சு இருக்கணும். பூச்சு போன பித்தளையில புளி, தயிர் படக் கூடாது.

மரம்: தூக்கிப் பாருங்க, தட்டிப் பாருங்க. கனமா, கெட்டியா சத்தம் வரணும். பொத்தல் சத்தம் வந்தா உள்ள அரிச்சிருக்கு. சின்னச் சின்ன ஓட்டைல இருந்து மாவு மாதிரி தூள் கொட்டுதா? உளுத்துட்டு இருக்கு, வாங்காதீங்க. ஒரு கட்டில்ல இருக்கற உளு வண்டு ஓனரோட கதவு நிலைக்கும் போயிடும். காலோட அடிப்பக்கத்துல மண் கோடு தெரிஞ்சா கரையான். கீறல், கறை, ஆடற கால் இதெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை. விலை பேச உதவும்!

ஜமக்காளம்: மேட்டூர்ல இருந்து அம்மாபேட்டை வழியா காவிரியோட போனா பவானி. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ல புவிசார் குறியீடு கிடைச்சது. கெட்டிப் பருத்தி நூல்ல பட்டை பட்டையா நிறம் வெச்ச கைத்தறி விரிப்பு. தரையில போட்டா அறையோட முகமே மாறிடும், விருந்தாளி வந்தா படுக்கை, வெயில் காலத்துல குளுமை. சோஃபா இல்லாத ஹாலுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. விசைத்தறி விரிப்பும் இதே பேர்ல விக்குது. அதனால கைத்தறி முத்திரை கேளுங்க, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில வாங்குங்க. முதல் தடவை தனியா, பச்சைத் தண்ணியில அலசுங்க, சாயம் மத்த துணியில ஏறாம இருக்கும்.

போர்வை, திரைத் துணிக்கு கோ-ஆப்டெக்ஸ் இருக்கு. தீபாவளிக்கு வழக்கமா 30% தள்ளுபடி தருவாங்க. உங்க ஆர்டி முடியற மாசத்தை அதோட பொருத்திக்குங்க.

கல்சட்டி: சேலம், நாமக்கல் பக்கத்தோட சொத்து. மாக்கல்லுல செஞ்ச இந்தச் சட்டி சமையலறை அலமாரிக்கு அழகு, புளிக்குழம்புக்கு ருசி. புதுசுன்னா சோறு வடிச்ச கஞ்சியை ஊத்தி சில நாள் பழக்கிட்டு, சின்னத் தீயில ஆரம்பிங்க. நேரா பெரிய தீயில வெச்சா விரிசல் விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில புதுசாக்கறது

பித்தளைக்கு ஊறவெச்ச புளி, கொஞ்சம் கல்லுப்பு. தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, நல்லா அலசி, உடனே ஈரம் போகத் துடைக்கணும். ஈரத்தோட விட்டா பச்சைக் கறை வரும். மழமழன்னு மின்னணும்னு கட்டாயம் இல்லை, பழசு கொஞ்சம் மங்கலா இருந்தாத்தான் பலருக்குப் பிடிக்குது. அடிக்கடி அழுத்தித் தேய்ச்சா நகாசு வேலைப்பாடு தேய்ஞ்சு போகும்.

மரத்துக்கு வரிசை இதுதான். முதல்ல ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல ரெண்டு நாள் காய விடுங்க. ஆடற மூட்டுக்கு மரப் பசை போட்டு ஒரு நாள் கயிறு கட்டி இறுக்கி வைங்க. 120 நம்பர் உப்புத்தாள்ல ஒரு தடவை, 220-ல ஒரு தடவை, மரத்தோட ரேகை ஓடற பக்கமாவே தேயுங்க. தூசியைத் துடைச்சு, ஆளி விதை எண்ணெயை மெலிசாத் தடவி, 15 நிமிஷத்துல மிச்சத்தைத் துடைச்சிடுங்க. மறுநாள் இன்னொரு தடவை. அவ்வளவுதான்.

இதுல ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு, அந்த எண்ணெய்த் துணி. அதைச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறி தீப்பிடிக்கலாம். நிஜமாத்தான். விரிச்சு வெளிய காய வெச்சுட்டுத்தான் குப்பையில போடணும். இரண்டு, பழைய பெயிண்ட். பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின பச்சை, மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கதவை உப்புத்தாள்ல தேய்ச்சுத் தூள் கிளப்பாதீங்க. வீட்டுல குழந்தை இருந்தா அந்தச் சாமானே வேண்டாம்.

செடி: மலிவான அலங்காரம், ஆனா எது?

மேட்டூர் சேலம் சமவெளிக்கு ஒரு எளிய விதி: இங்க வெயில்ல நிக்கற செடியை வாங்குங்க. ஏற்காட்டுக்குப் போன ஞாபகமா அங்க இருந்து செடி வாங்கிட்டு வர்றது நம்ம பக்கத்துப் பழக்கம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்தக் குளிருல பூத்துக் குலுங்கற செடி, மே மாசம் மேட்டூர் மாடி வீட்டுல வாடிப் போகும். அது செடியோட குத்தமும் இல்லை, உங்க குத்தமும் இல்லை. 300 ரூபாய் மட்டும் போச்சு.

நம்ம பக்கத்துக்குச் சரியா வர்றது இதெல்லாம்:

மணி பிளான்ட்: வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு கொடி கேளுங்க. கணுவுக்குக் கீழ வெட்டி, கணு தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி பாட்டில்ல போட்டா ரெண்டு மூணு வாரத்துல வேர் விடும்.

ஸ்னேக் பிளான்ட்: ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கு ஏத்தது. ரெண்டு வாரம் ஊருக்குப் போனாலும் சாகாது. அதிகத் தண்ணிதான் இதைக் கொல்லும்.

கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, துளசி: வெயில் வர்ற ஜன்னல் ஓரம், பால்கனி. அழகும் ஆச்சு, சளிக்குக் கஷாயமும் ஆச்சு.

"காத்தைச் சுத்தப்படுத்தும் செடி"ன்னு போர்டு வெச்சு ரெண்டு மடங்கு விலை சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. அந்தப் பேச்சு 1989-ல வந்த நாசா ஆய்வுல இருந்து ஆரம்பிச்சது. அது மூடின சின்னப் பெட்டிக்குள்ள செஞ்ச சோதனை. 2019-ல அதே மாதிரி பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. சாதாரண வீட்டுல இயல்பா உள்ள வந்து போற காத்து செய்யற சுத்தத்தைச் செடியால செய்யணும்னா, ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1,000 செடி வரைக்கும் வேணுமாம்! ஜன்னலைத் திறந்தா போதும், அது இலவசம். செடியைக் கண்ணுக்கும் மனசுக்கும் வாங்குங்க.

பித்தளை அண்டாவுக்குள்ள நேரா மண் போட்டு நடாதீங்க. தண்ணி வடிய வழி இல்லாம வேர் அழுகும், உரமும் ஈரமும் பித்தளையை அரிக்கும். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில நட்டு, அந்தத் தொட்டியை அண்டாவுக்குள்ள இறக்கி வைங்க. மண் கலவைக்குத் தோட்ட மண், தேங்காய் நார்த் தூள், மண்புழு உரம் மூணும் சம அளவு. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்த வேண்டாம். இலையில தூசி படிஞ்சா ஈரத்துணியால துடைங்க.

தொட்டிக்கு அடியில வைக்கற தட்டு, அண்டாவோட அடி, மணி பிளான்ட் பாட்டில். இந்த மூணுலயும் நிக்கற தண்ணியில டெங்கு கொசு முட்டை வைக்கும். வாரம் ஒரு தடவை கொட்டிக் கழுவிடுங்க. ஒரு டெங்கு காய்ச்சல் ஆஸ்பத்திரிச் செலவு உங்க மொத்த அலங்கார பட்ஜெட்டையும் தாண்டிடும். தவழற குழந்தையோ, நாய் பூனையோ இருந்தா மணி பிளான்ட்டைக் கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. கடிச்சா வாய் எரியும்.

சின்னச் சின்ன வேலைகள்

விளக்கு: ஹால்ல ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் எரியறப்போ எந்த அலங்காரமும் எடுபடாது. மூலையில ஒரு 9 வாட்ஸ் மஞ்சள் எல்இடி, பழைய பித்தளை விளக்குத் தண்டுலயோ மூங்கில் கூடையிலயோ பொருத்தினா போதும்.

சுவர்: டிரில் போடறதுக்கு முன்னாடி ஓனரைக் கேளுங்க. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவருல ஒட்டற கொக்கி நிக்காது, பெயிண்ட்டோட உரிஞ்சு வரும். ஏற்கெனவே இருக்கற ஆணி, கடப்பா கல் அலமாரி, ஜன்னல் திண்ணை இதுலயே பாதி வேலையை முடிச்சிடலாம். பெரிய கண்ணாடியைத் தரையில நிறுத்தி, பின்னாடி நழுவாத மாதிரி முட்டுக் கொடுத்துச் சாய்ச்சு வைக்கலாம்.

வெயில்: மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ள கட்டற திரையைவிட வெளிய கட்டற தட்டிதான் சூட்டைத் தடுக்கும், கண்ணாடியைத் தொடறதுக்கு முன்னாடியே வெயில் நின்னுடும் இல்லையா?

ஃபேன்: இதுல கொஞ்சம் கணக்கு இருக்கு. சாதாரண ஃபேன் சுமார் 75 வாட்ஸ், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்ஸ். நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துல 300 நாள் ஓடினா 162 யூனிட் மிச்சம். ஓனர் துணை மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினா வருஷம் 1,296 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் ரெண்டேகால் வருஷத்துல காசை மீட்டுடும். ஆனா உங்களுக்குத் தனி மீட்டர் இருந்து, இலவச யூனிட்டுக்குள்ளயே உங்க பயன்பாடு இருந்தா, மிச்சம் பூஜ்யம்! அப்போ பழைய ஃபேனே போதும். மாத்தினா ஓனரோட ஃபேனைத் துணி சுத்திப் பரண்ல பத்திரமா வைங்க. போகும்போது திருப்பி மாட்டணும்.

மொத்தக் கணக்கு

விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர்க் கடையில கேட்டு மாத்திக்குங்க.

பித்தளை அண்டா, 4 கிலோ, கிலோ 600: 2,400
பழைய மரப் பெட்டி அல்லது மேசை: 3,500
உப்புத்தாள், பசை, எண்ணெய்: 600
பவானி ஜமக்காளம்: 1,500
ரெண்டு ஜன்னலுக்குத் திரை, தட்டி: 1,600
செடி, தொட்டி, மண்: 1,400
விளக்குகள்: 1,000
பிஎல்டிசி ஃபேன்: 3,000
மொத்தம்: 15,000 ரூபாய்

மூணு வருஷம் கழிச்சு டிரான்ஸ்ஃபர் வருதுன்னு வெச்சுக்குவோம். எல்லாமே வண்டியில ஏறும். அண்டா வேண்டாம்னு எடைக்குப் போட்டு, கிலோ 450-தான் கிடைச்சாலும் 1,800 ரூபாய் கையில. அதை மூணு வருஷம் அனுபவிச்ச செலவு 600 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 200.

இதே 15,000-ஐ வால்பேப்பர் 6,000, டிசைன் சுவர் 4,000, அட்டைப் பலகை டிவி யூனிட் 5,000-ன்னு போட்டிருந்தா? முதல் 10,000 அந்த வீட்டுச் சுவருலயே நின்னுடும். டிவி யூனிட்டைக் கழட்டி மாட்டினா ஸ்குரூ பிடிக்காது, அடியில தண்ணி பட்டிருந்தா உப்பியிருக்கும்.

அதுக்காக "பழைய பொருள் ஒரு முதலீடு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது முதலீடு இல்லை. வட்டி வராது, விக்கும்போது வாங்கின விலை வரும்னு உத்தரவாதமும் இல்லை. உங்க எஸ்ஐபி-யை நிறுத்திட்டு அண்டா வாங்காதீங்க! இது செலவுதான். ஆனா கெட்டிக்காரத்தனமான செலவு.

இந்த வார வீட்டுப்பாடம்

1. உங்க வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, பெயிண்ட், அட்வான்ஸ் பத்தின வரியைப் படிங்க.
2. ஒரு பேப்பர்ல மூணு கூடை வரைஞ்சு, போன ஒரு வருஷத்துல வீட்டுக்காகச் செலவு பண்ணினதை அதுல பிரிச்சு எழுதுங்க. முதல் கூடையில எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க.
3. அம்மாவுக்கோ பாட்டிக்கோ போன் போட்டு, "பரண் மேல என்னென்ன இருக்கு?"ன்னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு அவங்க அரை மணி நேரம் பேசுவாங்க. அது இலவசம்.
4. அவசர நிதி இருந்தா 1,500 ரூபாய் ஆர்டி-யை ஆரம்பிங்க. இல்லைன்னா அதே 1,500-ஐ அவசர நிதிக்கே போடுங்க, ஒரு மணி பிளான்ட் கொடி மட்டும் கேட்டு வாங்கிக்குங்க.

மூணு கூடைக் கணக்குல உங்களுக்கு வந்த தொகையை எழுதி அனுப்புங்க. அடுத்த பாடத்துல வாடகை ஒப்பந்தத்துல கவனிக்க வேண்டிய வரிகளை ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.